கோசோங் ஜோடி

சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு கோயில் மண்டபத்துல பாயை விரிச்சு மைலோ டின்னைக் கவுத்துனா சடசடன்னு முன்னூறு பாட்டில் மூடி கொட்டும். அந்த சத்தம் கேட்டதும் வெளியில பந்து உதைச்சிக்கிட்டு இருக்கிற பிள்ளைங்க செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள ஓடி வந்துரும். கணக்குப் பாடத்துக்குப் பிள்ளைங்க ஓடி வர்றதை நான் இருபது வருஷ வாத்தியார் வேலையில வேற எங்கயும் பார்த்தது இல்ல, அதனாலதான் இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு.

எங்க ஊரு மலேசியாவுல, சிலாங்கூர் மாநிலத்துல இருக்கிற பெஸ்தாரி ஜெயா. 2007ல அப்படிப் பேர் மாத்துனாங்க, ஆனா எங்க அப்பா காலத்து ஆளுங்க வாயில இன்னிக்கும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுத்திவர தோட்டம். ஒரு காலத்துல முழுக்க கித்தா மரம், அதான் ரப்பர், இப்போ பார்க்கிற பக்கம் எல்லாம் செம்பனை, எண்ணெய்ப் பனை. என்கிட்ட சனிக்கிழமை வர்ற பிள்ளைங்க பாதிப் பேருக்கு அப்பா குலை வெட்டப் போறவங்க, மீதிப் பேருக்கு லோரி, ஃபேக்டரி, செக்யூரிட்டி வேலை. வகுப்பு இலவசம். கோயில் கமிட்டி கரண்டு பில் கட்டுது, நான் வர்றேன், அவ்வளவுதான்.

வர்றதுங்க முக்காவாசி படிவம் ஒண்ணு, அதாவது ஏழாவது வருஷப் பிள்ளைங்க. தமிழ்ப்பள்ளியில ஆறு வருஷம் தமிழ்ல கணக்கு படிச்சிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போய் மலாய்ல உட்கார்ந்த முதல் வருஷம், முதல் பாடமே நொம்போர் நிஸ்பா, அதாவது விகிதமுறு எண், அதுல முதல் விஷயமே இந்த நெகட்டிவ் நம்பர். ஒரே வாரத்துல மொழியும் மாறுது, எண்ணும் மாறுது. இதுல இன்னொரு கொடுமை என்னன்னா, ஆறு வருஷமா நாமதான் அதுங்களுக்கு "மூணுலேர்ந்து அஞ்சு போகாது, பக்கத்து வீட்டுல கடன் வாங்கு"ன்னு சொல்லிக் குடுத்து வளர்த்திருக்கோம். நானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். இப்போ திடீர்னு போகும்னு சொல்றாங்க, எப்படிப் போகும்னு யாரும் சொல்றதில்ல. போகாதுன்னு சொன்ன வாயும் டீச்சர் வாய், போகும்னு சொல்ற வாயும் டீச்சர் வாய், பிள்ளை எதை நம்பும்?

நான் படிச்ச காலத்துலயும் இதேதான். போர்டுல ஒரு கட்டம் போட்டாங்க, பிளஸ் பிளஸ் பிளஸ், பிளஸ் மைனஸ் மைனஸ், மைனஸ் மைனஸ் பிளஸ், மனப்பாடம் பண்ணுங்கன்னாங்க. நான் பண்ணேன். பண்ணிட்டு பரீட்சையில −3 − 4 = 7னு எழுதுனேன். ரெண்டு மைனஸ் இருக்கே, மைனஸ் மைனஸ் பிளஸ் ஆச்சே! தப்புன்னு சிவப்பு மையில கோடு போட்டு வந்துச்சு. ஏன் தப்புன்னு எழுந்து கேட்டேன், "சூத்திரத்தை ஒழுங்காப் படி"ன்னு பதில் வந்துச்சு, அந்தப் பாடம் முடியிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தேன். கால் வலிச்சது எல்லாம் மறந்து போச்சு. சூத்திரத்தை ஒழுங்காப் படிச்சதாலதானே இந்தத் தப்பு வந்துச்சுன்னு மனசுக்குள்ள ஓடுன அந்தக் கேள்வி மட்டும் மறக்கல. இன்னிக்கு என்கிட்ட வர்ற பத்துப் பிள்ளையில ஏழு எட்டு பிள்ளை அதே 7ஐ எழுதிக்கிட்டு வருது. முப்பது வருஷம் ஆச்சு, தப்பு மட்டும் மாறவே இல்ல.

அந்த மைனஸ் கோட்டுக்கு ரெண்டு வேலை இருக்குன்னு யாரும் பிள்ளைங்களுக்கு எடுத்துச் சொல்றதில்ல, அதான் சிக்கலே. ஒண்ணு, எடுத்துருன்னு சொல்ற வேலை. இன்னொண்ணு, இந்த எண் சைபருக்கு அந்தப் பக்கத்து எண்ணுன்னு சொல்ற வேலை. ரெண்டுக்கும் ஒரே கோடு. தமிழ்ல நமக்கு ரெண்டு வார்த்தை தனித்தனியா இருக்கு, கழி, குறை. 5 − (−3)ஐ "அஞ்சு கழி குறை மூணு"ன்னு வாசிச்சா என்ன செய்யணும்னு காதுலயே விழும். மலாய்லயும் கழிக்கிற தோலாக் வேற, குறையைச் சொல்ற நெகாதிஃப் வேற. ஆனா பிள்ளைங்க அப்படி வாசிக்கிறதில்ல, "லீமா தோலாக் தோலாக் தீகா"ன்னு வாசிக்குதுங்க. அதனால என் வகுப்புல முதல் சட்டம், வாயால சரியா வாசிச்சாத்தான் மூடியைத் தொடலாம்.

சரி, மூடிக் கதைக்கு வர்றேன். வெளிநாட்டுல ரெண்டு பக்கம் ரெண்டு கலர் இருக்கிற பிளாஸ்டிக் வில்லைங்க வச்சு இதைச் சொல்லிக் குடுக்கிறாங்க, ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் சிவப்பு. மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். ஆன்லைன்ல வாங்கலாம், ஆனா எல்லாப் பிள்ளைக்கும் வாங்குற அளவுக்கு நம்மகிட்ட வசதி இல்ல. முதல்ல நான் கித்தாக் கொட்டையில செஞ்சு பார்த்தேன். கோயிலுக்குப் பின்னாடி வெட்டாம விட்ட பழைய மரம் நாலஞ்சு நிக்குது, வெயில் காலத்துல காய் படார்னு வெடிச்சு கொட்டை தெறிக்கும், அப்பா அதைப் பொறுக்கிட்டு வந்து குடுத்தாரு. பாதிக்கு மஞ்சள் அடிச்சேன், பாதிக்கு சிவப்பு. அந்தக் கொட்டை மேல வழவழன்னு இருக்கும், பெயிண்ட் ரெண்டு வாரத்துல உரிஞ்சு போச்சு. அதோட உருண்டு ஓடுது. பிள்ளைங்க கணக்கு போட்டதை விட கொட்டை தேடுனதுதான் அதிகம்.

அப்புறம் ஒரு திருவிழா அன்னிக்கு அன்னதானம் முடிஞ்சு பெருக்குறப்போ தண்ணி பாட்டில் மூடிங்க குவிஞ்சு கிடந்துச்சு, வெள்ளை மூடி. ஒண்ணை எடுத்து விரல்ல சுத்திக்கிட்டே இருந்தப்போதான் கவனிச்சேன், கவுத்து வச்சா அது ஒரு மேடு, நிமிர்த்தி வச்சா ஒரு குழி. இதை விட என்ன வேணும்? கோயில் சுவத்துக்கு அடிச்ச காவி பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, குழிக்குள்ள மட்டும் காவி அடிச்சேன். வெள்ளை மேடு பிளஸ். சிவப்புக் குழி மைனஸ். ஒரு மேட்டை வெட்டி ஒரு குழியில போட்டா சமதரை. தோட்டத்துல வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கணும்னு அவசியமே இல்ல.

முதல் நாள் நான் ஒரு தப்பு பண்ணேன், சொல்லிடுறேன், வேற யாராவது செஞ்சு பார்க்கிறப்போ உதவும். 5 + (−3)னு குடுத்தேன், பிள்ளைங்க அஞ்சு வெள்ளை வச்சுதுங்க, மூணு சிவப்பு வச்சுதுங்க, எண்ணி எட்டுன்னு சொல்லிருச்சுங்க. அதுங்க மேல தப்பே இல்ல. கண்ணுக்கு முன்னால எட்டு மூடி இருக்கு. எண்ணச் சொன்னா எட்டுதான். எண்ணுறதுக்கு முன்னாடி ஜோடி சேர்க்கணும்னு நான் பழக்கல. அடுத்த வாரம் கணக்கே குடுக்கல, ஒரு மணி நேரம் முழுக்க ஒரே விளையாட்டு. கைநிறைய மூடி அள்ளிப் பாயில வீசு, ஒரு வெள்ளை ஒரு சிவப்பு ஜோடி ஜோடியா ஓரம் கட்டு, மிச்சம் என்ன? "நாலு வெள்ளை டீச்சர்." "ரெண்டு சிவப்பு டீச்சர்." "ஒண்ணுமே மிச்சம் இல்ல டீச்சர்!" அந்த ஒண்ணுமே இல்லைன்னு வர்றப்போ ஒரு பையன் "கோசோங்!"னு கத்துனான், மலாய்ல சைபர், காலின்னு அர்த்தம், எல்லாரும் சேர்ந்து கத்த ஆரம்பிச்சதுங்க. அன்னிலேர்ந்து ஒரு வெள்ளை ஒரு சிவப்பு சேர்ந்தா அதுக்குப் பேரு கோசோங் ஜோடி. புத்தகத்துல சுழிய இணைன்னு போடலாம், நான் அதையும் போர்டுல எழுதி வச்சிருக்கேன், ஆனா தே ஓ கோசோங், அதான் பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி, குடிச்சு வளர்ந்த பிள்ளை வாயில எது வரும்னு உங்களுக்கே தெரியும்.

இந்தக் கோசோங் ஜோடிதான் உயிர்நாடி. மீதி எல்லாம் அதுலேர்ந்து வர்றதுதான்.

கூட்டல் சீக்கிரம் வந்துருச்சு, அதுல சொல்ல ஒண்ணும் இல்ல. கழித்தல்லதான் கதை. 2 − (−3). நல்லா வாசிச்சான் அந்தப் பையன், "ரெண்டு கழி குறை மூணு". ரெண்டு வெள்ளை மூடியை எடுத்து பாயில வச்சான். கழின்னா எடுக்கணும். எதை எடுக்கணும்? மூணு சிவப்பை. பாயைப் பார்த்தான். சிவப்பே இல்ல. கொஞ்ச நேரம் மூடியையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு நிமிர்ந்து கேட்டான், "இல்லாததை எப்படி டீச்சர் எடுக்கிறது?"

எனக்கு அப்படியே சிலிர்த்துப் போச்சு. முப்பது வருஷத்துக்கு முன்னாடி நான் எழுந்து நின்னு கேட்கத் தெரியாம கேட்ட கேள்வி அதுதான். உடனே பதில் சொல்லிடலாமான்னு நாக்கு துடிச்சது, அடக்கிக்கிட்டேன். "நீயே சொல்லு, அந்த ரெண்டு வெள்ளையோட மதிப்பு மாறாம பாயில சிவப்பைக் கொண்டு வரணும், வழி இருக்கா?"ன்னு மட்டும் கேட்டேன். மண்டபத்துல ஃபேன் சுத்துற சத்தம் மட்டும்தான். ரெண்டு மூணு நிமிஷம் ஆகியிருக்கும். பக்கத்துல இருந்த பொண்ணு, அது அதிகம் பேசாது, மெதுவா ஒரு கோசோங் ஜோடியை எடுத்து அவன் பாயில வச்சுச்சு. "இது வச்சா மாறாதுதானே?"ன்னு கேட்டுச்சு. அவன் அதைப் பார்த்தான். "மாறாது... கோசோங்தானே!" அடுத்த நொடி டின்னுக்குள்ள கையை விட்டு அள்ளி அள்ளி ஜோடி ஜோடியா வைக்க ஆரம்பிச்சிட்டான், ஒண்ணு, ரெண்டு, மூணு, நிறுத்தாம பத்து ஜோடி வச்சுட்டான்.

மூணு போதும்னு பக்கத்துல கத்துச்சுங்க. நான் விடுங்கன்னேன். அவன் அதுலேர்ந்து மூணு சிவப்பை எடுத்து டின்னுல போட்டான். பாயில பன்னிரண்டு வெள்ளை, ஏழு சிவப்பு. ஜோடி கட்டி ஓரம் தள்ளுனான். மிச்சம் அஞ்சு வெள்ளை. மூணே ஜோடி வச்சுப் போட்ட அந்தப் பொண்ணுக்கும் அஞ்சு. அவன் தன் பாயையும் அது பாயையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "எத்தனை வச்சாலும் அஞ்சுதான் வருமா?"ன்னு கேட்டு, இருபது ஜோடி வச்சு மறுபடியும் போட்டுப் பார்த்தான். அவனுக்கு மூடி பத்தலைன்னு பக்கத்துல கடன் வாங்குனான். அஞ்சுதான் வந்துச்சு. நான் எந்த சூத்திரமும் சொல்லல. வீணாப் போன மாதிரி தெரிஞ்ச அந்தப் பதினஞ்சு நிமிஷத்துல அவன் கத்துக்கிட்டதை நான் வாயால சொல்லியிருந்தா அரை நிமிஷம், மறக்கிறதுக்கும் அரை நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

அதுக்கு அப்புறம் என் பழைய எதிரியைப் போர்டுல எழுதுனேன், −3 − 4. குறை மூணு கழி நாலு. மூணு சிவப்பு வச்சதுங்க. நாலு வெள்ளையை எடுக்கணும், வெள்ளை இல்ல, யாரும் என்னைக் கேட்கல, நாலு கோசோங் ஜோடி விழுந்துச்சு, நாலு வெள்ளை டின்னுக்குப் போச்சு, பாயில ஏழு சிவப்பு. குறை ஏழு. "மைனஸ் மைனஸ் பிளஸ்தானே, ஏன் பிளஸ் ஏழு இல்ல?"ன்னு நானே கேட்டுப் பார்த்தேன். "பாருங்க டீச்சர், எல்லாமே சிவப்பு"ன்னு பாயைக் காட்டுச்சுங்க. அவ்வளவுதான் பதில். வேற என்ன பதில் வேணும்?

இதெல்லாம் ஏதோ புதுசா வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க. சீனாவுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே குச்சிங்க வச்சு இதே மாதிரி கணக்குப் போட்டிருக்காங்க, மூணாம் நூற்றாண்டுல லியு ஹுய்ங்கிறவர் சிவப்புக் குச்சி வரவுக்கும் கறுப்புக் குச்சி குறைவுக்கும்னு தெளிவா எழுதி வச்சிருக்கார். நமக்கு நேர் எதிர், அவங்களுக்கு சிவப்புதான் பிளஸ், இதைச் சொன்னப்போ பிள்ளைங்க "அப்போ கலர்ல ஒண்ணும் இல்லையா டீச்சர்"ன்னு கேட்டுச்சுங்க, அதுவும் நல்ல பாடம்தான். இந்தியாவுல பிரம்மகுப்தர் 628ல தனம், ருணம்னு ரெண்டு வார்த்தை வச்சு முழு விதியையும் எழுதிட்டார், தனம்னா சொத்து, ருணம்னா கடன், சைபர்லேர்ந்து கடனைக் கழிச்சா சொத்து, கடனைக் கடனால பெருக்குனா சொத்து. அதுக்கு ஆயிரம் வருஷத்துக்கு அப்புறமும் ஐரோப்பாவுல பெரிய பெரிய கணக்கு மேதைங்க சிலர் ஒண்ணுமில்லாததை விடக் குறைஞ்ச எண்ணு எப்படி இருக்க முடியும்னு ஏத்துக்காம இருந்திருக்காங்க. அதனால பதிமூணு வயசுப் பிள்ளை ஒண்ணு புரியலைன்னு முழிச்சா அதைப் பார்த்து மக்குன்னு சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்ல.

பிரம்மகுப்தர் பேச்சு எடுத்ததால கடனைப் பத்தி ஒண்ணு சொல்லணும். பெரும்பாலான டீச்சருங்க நெகட்டிவ் நம்பரைக் கடன் வச்சுத்தான் சொல்லிக் குடுப்பாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். நம்ம ஊர்ல அதுக்கு உதாரணம் தேடவே வேணாம், சட்டைப்பையில அடங்குற அந்த 555 நோட்டு, மளிகைக் கடையில வீட்டுக்கு வீடு ஒண்ணு தொங்கும், அரிசி, எண்ணெய், மைலோ எல்லாம் அதுல ஏறும், சம்பளம் வந்ததும் கழியும். "உங்க அம்மா கடையில பதினெட்டு வெள்ளி பாக்கி, அப்போ உங்க வீட்டுக் கணக்கு என்ன? குறை பதினெட்டு"ன்னு (வெள்ளின்னா இங்க ரிங்கிட்) நான் ஒரு தடவை வகுப்புல ஒரு பையனைப் பார்த்து சும்மா உதாரணமா சொன்னேன். அவன் முகம் அப்படியே சுருங்கிருச்சு. தலையைக் குனிஞ்சவன் வகுப்பு முடியிற வரைக்கும் நிமிரல. அடுத்த சனிக்கிழமை வரல, அதுக்கு அடுத்த சனிக்கிழமையும் வரல. அப்புறம்தான் தெரிஞ்சது, அந்த வாரம்தான் கடைக்காரர் இனிமே நோட்டுல எழுத முடியாதுன்னு அவன் அம்மாவைத் திருப்பி அனுப்பியிருக்காரு.

நான் போய் அவன் வீட்டு வாசல்ல நின்னு பேசி அவனைக் கூட்டிட்டு வந்தேன். அதுலேர்ந்து என் வகுப்புல கடன் கணக்கு கிடையாது. கடனே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு கடன் ஒரு உதாரணம், கடன் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது உதாரணம் இல்ல. மூடிக்கு அந்தப் பாரம் இல்ல. சிவப்பு மூடி வச்சிருக்கிறவன் வெள்ளை மூடி வச்சிருக்கிறவனை விடத் தாழ்ந்தவன் இல்ல, ஒரு திருப்பு திருப்புனா அதுவே இதாயிரும்.

கணக்கு விஷயமாவும் கடன் கதையில ஒரு ஓட்டை இருக்கு. கடைக்காரர் தீபாவளிக்கு அஞ்சு வெள்ளி பாக்கியை அடிச்சு விட்டுட்டார்னு வச்சுக்குவோம், குறையைக் கழிச்சா கூடுதுன்னு நாம சொல்றோம், பிள்ளை "கையில காசு எதுவும் வரலையே"ங்குது. அது சரியான கேள்வி. மதிப்பு கூடுறது வேற, கையில வர்றது வேற, அந்த வித்தியாசம் பதிமூணு வயசுக்கு லேசுல பிடிபடாது. பாயில இருக்கிறது எல்லாம் கண்ணுல தெரியும். புத்தகத்துல குளிர் நாட்டு வெப்பநிலைக் கணக்கு குடுக்கிறாங்க, மைனஸ் பத்து டிகிரின்னு. வருஷம் பூரா முப்பது டிகிரியில வேகுற ஊரு இது, அந்தக் குளிரைப் பிள்ளை எங்க போய்த் தொட்டுப் பார்க்கும்? லிஃப்ட்டுல கீழ்த் தளத்துக்குப் போறது கொஞ்சம் பரவாயில்ல, கோலாலம்பூர் போய் வந்த பிள்ளைங்களுக்கு.

ஆனா ஒரு அப்பா ஒரு நல்ல உதாரணம் சொன்னாரு, அதை மட்டும் நான் வச்சிருக்கேன். மகனை ஏத்திட்டுப் போக மோட்டார்ல வந்தவர், வாசல்ல நின்னு பாயைப் பார்த்துட்டு, "என்னங்க டீச்சர், மூடி வச்சு விளையாடிக்கிட்டு இருக்காங்க, கணக்கு சொல்லிக் குடுக்கிறீங்கன்னுல்ல அனுப்புறேன்"னாரு. கோபமா இல்ல, கவலையாத்தான் கேட்டாரு. நான் "உட்காருங்கண்ணே, அஞ்சு நிமிஷம்"னு உட்கார வச்சு, மகனையே அவருக்கு 2 − (−3) போட்டுக் காட்டச் சொன்னேன். செம்பனைக் குலை வெட்டுறவர், கை காய்ப்புக் காய்ச்ச கை, அந்தக் கையால ஒவ்வொரு மூடியா எடுத்து வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. முடிஞ்சதும் கொஞ்சம் யோசிச்சிட்டு, "பிடித்தம் மாதிரிதான்"னாரு. என்னண்ணேன்னேன். "போன மாசம் சம்பளச் சீட்டுல தப்பா முப்பது வெள்ளி பிடிச்சிட்டாங்க. ஆபீஸ் கிளார்க்கு கிராணிகிட்ட போய்ச் சொன்னேன், அந்தப் பிடித்தத்தை எடுத்துட்டாங்க. சம்பளம் முப்பது வெள்ளி கூடிருச்சு. யாரும் கூடக் குடுக்கல, பிடித்தத்தை எடுத்தாங்க, அவ்வளவுதானே." மகன் அவரையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்பாவுக்குக் கணக்கு தெரியும்னு அவன் அன்னிக்குத்தான் பார்த்தான்னு நினைக்கிறேன்.

பெருக்கலுக்கு வந்தா 3 × (−2) சுலபம், ரெண்டு ரெண்டு சிவப்பா மூணு தடவை வை, ஆறு சிவப்பு. (−3) × (−2)னா முன்னால குறை மூணு, மூணு தடவை வைக்கிறதுக்கு எதிர் மூணு தடவை எடுக்கிறது. எதுலேர்ந்து எடுக்கிறது? வெறும் பாயிலேர்ந்து. இந்த இடத்துக்கு வர்றப்போ நான் ஒண்ணுமே சொல்ல வேண்டியதில்ல, கோசோங் ஜோடி தானா விழும். ஆறு ஜோடி வை, ரெண்டு ரெண்டு சிவப்பா மூணு தடவை எடு, பாயில ஆறு வெள்ளை. மைனஸ் மைனஸ் பிளஸ். சூத்திரம் கடைசியா வந்து உட்காருது, அதுவும் பெருக்கல்ல, அது உட்கார வேண்டிய இடத்துல. இதோட நிறுத்தாம போர்டுல வரிசையாவும் எழுதிக் காட்டுவேன், மூணு தடவை குறை ரெண்டுன்னா குறை ஆறு, ரெண்டு தடவைன்னா குறை நாலு, ஒரு தடவைன்னா குறை ரெண்டு, சைபர் தடவைன்னா சைபர், ஒவ்வொரு படிக்கும் ரெண்டு ரெண்டா கூடிக்கிட்டே வருது பாருங்க, அடுத்த படி குறை ஒரு தடவை, அப்போ என்ன வரணும்? மூடி சொன்னதையே வரிசையும் சொல்றப்போ பிள்ளைங்களுக்கு ஒரு நம்பிக்கை வருது.

மூடியால எல்லாம் முடியும்னு நான் சொல்ல மாட்டேன். −48 + 125க்கு மூடி வச்சுக்கிட்டு உட்கார முடியாது. வகுத்தல்லயும் ஒரு இடத்துல மாட்டும். குறை ஆறை மூணு பேருக்குப் பங்கு போடலாம், ஆளுக்கு ரெண்டு சிவப்பு. குறை ஆறுல குறை ரெண்டு எத்தனை தடவை இருக்குன்னு கேட்கலாம், மூணு தடவை. ஆனா 6 ÷ (−2)ஐ பாயில போட்டுப் பாருங்க, குறை ரெண்டு பேருக்கு எப்படிப் பங்கு போடுறது, ஆறு வெள்ளைக்குள்ள சிவப்பு ஜதை எத்தனை இருக்கு? அங்க மூடியை ஓரம் தள்ளிட்டு, குறை ரெண்டை எதால பெருக்குனா ஆறு வரும்னு திருப்பிக் கேட்கணும். அதைச் செய்ய முடியிற பிள்ளை மூடியைத் தாண்டிருச்சுன்னு அர்த்தம்.

புரூனர்ங்கிற அமெரிக்க உளவியல் அறிஞர் 1960கள்லயே சொல்லி வச்சது இதைத்தான், முதல்ல கையால, அப்புறம் படத்தால, அப்புறம் குறியீட்டால. பக்கத்து சிங்கப்பூர்ல 1980கள்லேர்ந்து கணக்குப் பாடமே இந்த வரிசையில போகுது. நாம பெரும்பாலும் மூணாவதுலேர்ந்து ஆரம்பிச்சிட்டு, பிள்ளைக்கு மண்டையில ஏறலைங்கிறோம். என் வகுப்புல மூடிக்கு அப்புறம் நோட்டுல வட்டம், வெறும் வட்டம் பிளஸ், உள்ள கோடு அடிச்ச வட்டம் மைனஸ், ஜோடி ஜோடியா வெட்டி விடுறது. அதுக்கு அப்புறம்தான் வெறும் எண்ணு. எந்தப் பிள்ளை எப்போ மூடியை விடணும்னு நான் நாள் குறிக்கிறதில்ல, "இனிமே மூடி கிடையாது"ன்னு பிடுங்குறதும் இல்ல. அதுவா விடும். ரெண்டு வாரத்துல விட்ட பிள்ளையும் இருக்கு, அஞ்சு மாசம் வச்சிருந்த பிள்ளையும் இருக்கு, அஞ்சு மாசம் வச்சிருந்த பிள்ளை இப்போ யாருக்கும் குறைஞ்சதில்ல.

செஞ்சு பார்க்க நினைக்கிறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். ஒரு பிள்ளைக்கு இருபத்தஞ்சு மூடியாவது வேணும், பத்து பத்துன்னு குடுத்தா கோசோங் ஜோடி வைக்க முடியாம கழித்தல்ல நின்னுரும். மூடியை சோப்புத் தண்ணியில ஊற வச்சு நல்லா காய வைங்க, சர்க்கரைத் தண்ணி மூடின்னா எறும்பு வந்துரும். உள்ள அடிக்கிற பெயிண்ட்டை ரெண்டு கோட்டு அடிங்க, நடுவுல ஒரு நாள் விடுங்க. பாய் மேல வைக்கணும், சிமெண்டுத் தரையில வழுக்கிக்கிட்டுப் போகும். டின்னு மட்டும் பெருசா இருக்கட்டும்.

போன சனிக்கிழமை அந்தப் பொண்ணு, அதான் முதல் கோசோங் ஜோடியை எடுத்து வச்சுச்சே, அது நோட்டுல −7 − (−12)ஐ எழுதி வட்டம் கூடப் போடாம 5னு எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருச்சு. அதோட இருபத்தஞ்சு மூடியும் தொடாம அப்படியே முன்னால குவிஞ்சு கிடந்துச்சு. பக்கத்துல புதுசா வந்து உட்கார்ந்த பையன் பத்து மூடியை வச்சுக்கிட்டு முழிச்சிக்கிட்டு இருந்தான். இது தன் குவியலை ரெண்டு கையாலயும் அவன் பக்கம் தள்ளி விட்டுட்டு, "இல்லாததை எடுக்கணும்னா முதல்ல வைக்கணும்டா"ன்னு சொல்லிட்டு மறுபடியும் எழுத ஆரம்பிச்சிருச்சு. அடுத்த மாசம் கோயில்ல திருவிழா, அன்னதானத்துக்குத் தண்ணி பாட்டில் ஐந்நூறு சொல்லியிருக்காங்களாம், மூடியைக் குப்பையில போட்டுறாதீங்கன்னு கமிட்டியில இப்பவே சொல்லி வச்சிருக்கேன்.